நெடுந்தீவுக் குதிரைகளும் ஒல்லாந்தர் லாயமும்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை. வாழ்க்கைப்பட்டது நெடுந்தீவில். பிள்ளைகளின் படிப்புக்காக மறுபடி திருகோணமலை உவர்மலைக்கே வந்துவிட்டோம். ஆனால் மாமி தீவை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வருடத்துக்கு நாலைந்து தடவை அங்கே போய்வருவோம். போகும்போது அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்றிரண்டும் வேனில் ஏறிக்கொள்ளும். எல்லோருக்கும் பார்க்க வேண்டியது குதிரை. திரும்பி வரும் வழி முழுக்க என்னிடம் கேட்பதும் குதிரையைப் பற்றித்தான்.

கோயிலடியில், சந்தையில், பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே கண்டாலும் அதே சந்தேகங்கள். பதில் சொல்லச் சொல்ல எனக்கும் பல விஷயங்களைத் தேடிப் படிக்க வேண்டி வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் போகிறவர்கள் முன்பே வாசித்துவிட்டுப் போகலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நெடுந்தீவு எண்டா அந்த நாகபூசணி அம்மன் கோயில் இருக்கிற தீவுதானே?

இல்லை, அது நயினாதீவு. இரண்டுக்கும் படகு ஏறுவது குறிகட்டுவான் இறங்குதுறையில் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. நயினாதீவு கிட்ட இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள பெரிய தீவுகளில் இதுவும் ஒன்று, சுமார் 50 சதுர கிலோமீற்றர்.

டெல்ப்ட் என்று சொல்வதும் இதைத்தான். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணைப் பக்கம் லைடன் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது. மற்றவை எல்லாம் வழக்கில் தேய்ந்துபோக, டெல்ப்ட் மட்டும் இன்றும் ஆட்களின் வாயில் நிற்கிறது.

திருகோணமலையிலிருந்து காலமை வெளிக்கிட்டா பின்னேரம் திரும்பலாமா?

முடியாது. வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேரவே அரை நாள் ஆகும். அப்புறம் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு இன்னொரு பஸ். முதல் நாள் யாழ்ப்பாணத்தில் தங்கி, விடிய எழும்பி, காலைப் படகைப் பிடிப்பதுதான் சரி. படகு நேரம் காற்றையும் கடலையும் பார்த்து மாறும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் முரடாக இருக்கும், வயிறு குமட்டுகிறவர்கள் அந்த நாட்களைத் தவிருங்கள். முதல் நாளே இறங்குதுறையில் விசாரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

அந்தக் குதிரை லாயத்தைக் கட்டினது எந்த ராசா?

ராசா யாரும் இல்லை. ஒல்லாந்தரின் வியாபாரக் கம்பனி. தீவில் வெடியரசன் கோட்டை என்று ஓர் இடிபாடு இருக்கிறது. வெடியரசன் என்ற மன்னனைப் பற்றிய கதையும் ஊரில் உண்டு. அந்தக் கதையும் லாயமும் ஆட்களின் நினைவில் ஒன்றாகக் கலந்து, வெடியரசன் குதிரை கட்டிய இடம் என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் லாயம் ஒல்லாந்தர் காலத்து வேலை.

வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. குதிரைகளை முதலில் தீவில் இறக்கியவர்கள் அவர்கள்தான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் எதையும் கணக்குப் பார்த்துச் செய்பவர்கள். ஏற்கனவே நின்ற குதிரைகளோடு வெளியிலிருந்து நல்ல ஆண் குதிரைகளையும் கொண்டுவந்து, குதிரை வளர்ப்பை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். அதற்கு எழுந்ததுதான் இந்த லாயம். 1795இல் திருகோணமலையும் அடுத்த மாதமே யாழ்ப்பாணமும் ஆங்கிலேயரிடம் போயின. லாயமும் குதிரைகளும் அவர்கள் பொறுப்புக்கு வந்தன.

கட்டியது முருகைக்கல்லால். கடலிலிருந்து கிடைக்கும் அந்தக் கல்லைத்தான் தீவின் வேலிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நெடுந்தீவில் கிடுகு வேலியைவிடக் கல்வேலியே அதிகம். லாயத்தின் கூரை எப்போதோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது வரிசை வரிசையாக நிற்கும் தூண்கள். நான் முதல் முதல் போனபோது எனக்கு அது லாயம் என்றே பிடிபடவில்லை, ஏதோ பழைய மண்டபம் என்று நினைத்தேன். இரண்டு வரிசைக்கு நடுவே நின்று, ஒரு குதிரை நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கையை விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

லாயத்துக்குப் போனா குதிரை நிக்குமா?

நிற்காது. தற்செயலாக ஒன்றிரண்டு பக்கத்தில் மேயலாம், அவ்வளவுதான். குதிரைகள் தீவின் தெற்குப் பக்கப் புல்வெளிகளில் திரிகின்றன. லாயம் வேறு, குதிரை வேறு என்று இரண்டு இடமாகப் பார்க்கத் திட்டமிடுங்கள். ஓட்டோ பேசும்போதே இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

குதிரை எங்கட நாட்டுப் பிராணிதானே அன்ரி? பழைய ராசாமார் எல்லாம் குதிரையில போனவைதானே?

இதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ராசாமார் குதிரை வைத்திருந்தது உண்மை, ஆனால் அவை கப்பலில் வந்தவை. குதிரை இந்தத் தீவில் தானாகப் பிறந்த விலங்கு இல்லை.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1660இல் மூதூரில் கரையிறங்கி, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய 20 வருடம் கண்டி நாட்டில் கைதியாக இருந்து தப்பிப் போனவர். இங்கே உள்ள விலங்குகளை அவர் பட்டியல் போட்டிருக்கிறார். மாடு, எருமை, மான், கரடி, யானை எல்லாம் உண்டு. சிங்கம், ஓநாய், குதிரை, கழுதை, செம்மறி ஆகியவை இல்லை என்று தனியாகச் சொல்கிறார். அதே காலத்தில் வடக்கே நெடுந்தீவில் போர்த்துக்கேயர் விட்டுப்போன குதிரைகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

குதிரை வியாபாரம் மட்டும் மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தைப் பிடித்து 22 வருடம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழரும் குதிரைக் கப்பல்காரனின் பிள்ளைகள் என்று மகாவம்சம் சொல்கிறது. பிற்காலத்தில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருடம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றை அவித்துப் போடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். புல் தின்ன வேண்டிய பிராணிக்குச் சோறு. இதை மறக்காதீர்கள், கீழே வாழைப்பழக் கேள்வியில் திரும்ப வருவேன்.

இவ்வளவு பெரிய நாடு கிடக்க, தண்ணியும் இல்லாத அந்தத் தீவில ஏன் கொண்டுபோய் வளர்த்தவங்கள்?

முதல் காரணம் கடல். குதிரை ஓடிப் போகாது, திருடவும் சுலபமில்லை. சுற்றிவரக் கடலே வேலி. இரண்டாவது, அங்கே சிறுத்தை இல்லை, யானை இல்லை. வன்னிக் காட்டில் ஒரு குட்டி பிறந்தால் அது பிழைப்பதே சந்தேகம். மூன்றாவது, நிலம் திறந்த வெளி. குதிரை ஓடி வளர வேண்டிய பிராணி. ஈரமும் சேறும் அதன் குளம்புக்குக் கூடாது. எங்கள் கொட்டியாபுரத்து வயலில் நிறுத்தினால் ஒரு மாரியிலேயே குளம்பு அழுகத் தொடங்கும்.

கம்பனிக்குக் குதிரை தேவைப்பட்டது சண்டைக்கும், கடிதம் கொண்டுபோகவும், அதிகாரிகள் ஊர் சுற்றவும். பாரசீகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே பிறக்க வைப்பது மலிவு. நெடுந்தீவோடு இரணைதீவையும் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

பிறகு ஏன் அப்படியே விட்டிட்டுப் போனவங்கள்?

ஆங்கிலேயர் உடனே விட்டுவிடவில்லை. 1800களின் முற்பகுதியில் நோலன் என்ற லெப்டினன்ட் தீவுக்குப் பொறுப்பாக இருந்து குதிரை வளர்ப்பைப் பல வருடம் நடத்தினார். அவரைப் பற்றித் தீவில் இன்றும் பல கதைகள் உண்டு. மாமிக்கு அதில் பாதி தெரியும், ஆனால் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல மாட்டார்.

பிறகு அரசாங்கத்துக்கு அந்தத் தொழில் தேவைப்படாமல் போனது. நல்ல குதிரையை வெளியிலிருந்து கொண்டுவர வசதி வந்தது, ரயிலும் மோட்டாரும் வந்தபின் குதிரைக்கே வேலை குறைந்தது. வளர்ப்பை நிறுத்தினார்கள். நின்ற குதிரைகள் நின்ற இடத்திலேயே மிஞ்சின. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனது பாரமாகும். வேலைக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவந்து, தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கி, தேவை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இன்று மேய்கிறவை அவற்றின் பிள்ளைகளுடைய பிள்ளைகள்.

அப்ப இது காட்டுக் குதிரையா, வீட்டுக் குதிரையா?

இரண்டுக்கும் நடுவில். ஒருபோதும் மனிதன் பழக்காத இனத்தைத்தான் காட்டு விலங்கு என்று சொல்ல வேண்டும். குதிரையில் அப்படிச் சொல்லப்படுவது பொதுவாக மொங்கோலியாவில் உள்ள ஓர் இனம் மட்டுமே. நெடுந்தீவுக் குதிரையின் முன்னோர் சேணம் சுமந்தவை. ஆட்டுப்பட்டியில் வளர்ந்த ஆடு தப்பிப்போய்க் காட்டில் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் ஆளைக் கண்டால் ஓடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னார் நகரத்தில் திரியும் கழுதைகளும் இதே மாதிரிதான். ஒரு காலத்தில் மூட்டை சுமந்தவை, லொறி வந்ததும் ஆளில்லாமல் போனவை.

வீட்டுக் குதிரை இல்லை என்பதற்கு அவை கூட்டம் சேரும் விதமே போதும். ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், குட்டிகள் என்று ஒரு குடும்பம். வளர்ந்துவிட்ட இளம் ஆண்களைத் தகப்பன் குதிரை துரத்திவிடும். அவை தனியாக ஒரு கூட்டமாகத் திரியும். யார் சொல்லிக் கொடுத்தது? லாயத்தில் இருநூறு வருடம் கயிற்றில் கட்டினாலும் அந்தப் புத்தி உள்ளே இருந்திருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தால் எது எந்தக் குடும்பம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்கு நெடுந்தீவில் பிடித்த பொழுதுபோக்கு அதுதான்.

படத்தில வாற குதிரை மாதிரி இல்லையே. சாப்பாடில்லாமல் குறண்டிப் போச்சா?

மட்டக்குதிரை அளவுதான் இருக்கும். தோளுயரம் 147 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அதை மட்டக்குதிரைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். பந்தயக் குதிரையோடு ஒப்பிட்டால் சிறிசாகத்தான் தெரியும். தலைமுறைக் கணக்காகக் கொஞ்சப் புல்லும் கொஞ்சத் தண்ணீரும் உள்ள இடத்தில் சிறிய உடம்புதான் தாக்குப்பிடிக்கும். எனவே சிறிதாக இருப்பது நோய் இல்லை. ஆனால் விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருந்தால் அது வேறு விஷயம், அது பசி.

லாடம் அடிக்காமல் எப்பிடி நடக்குது?

லாடம் வேலைக் குதிரைக்கு. கல் ரோட்டில் பாரத்தோடு ஓடினால் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும், அதைத் தடுக்கத்தான் இரும்பு. சும்மா மேயும் குதிரைக்குக் குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், அந்த முருகைக்கல் தரையில் நடந்து நடந்து தானாகவே தேயும்.

கோடையில எங்க தண்ணி குடிக்குது?

இதுதான் பெரிய கேள்வி. ஒரு குதிரைக்குச் சாதாரணமாகவே நாளுக்கு 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெயிலில், பால் கொடுக்கும் பெண் குதிரைக்கு இன்னும் கூட. மாரியில் பள்ளங்களும் சிறு குளங்களும் நிரம்பியிருக்கும், புல்லும் பச்சை. ஆவணி, புரட்டாதியில் போனால் அதே இடம் வெடித்துக் கிடக்கும். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே, சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் பேர்போனவை. மற்ற இடங்களில் தோண்டினால் உவர். மனிதருக்கே குடிநீர் அளந்துதான்.

கடும் வறட்சி வந்த வருடங்களில் குதிரைகள் செத்திருக்கின்றன. ஊர் ஆட்கள் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள், கடற்படையும் பிரதேச செயலகமும் உதவியதுண்டு. எங்கள் வீட்டுக் கல்வேலிக்கு வெளியிலும் மாமி ஒரு சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிறார். மாடு குடிக்கும், நாய் குடிக்கும், ராத்திரியில் குதிரை வந்து குடித்த சத்தமும் கேட்கும். குடித்த அடையாளமாகக் காலையில் தொட்டியைச் சுற்றிக் குளம்புத் தடம். மாமி தன் குளிப்பைக் குறைத்தாலும் அந்தத் தொட்டியைக் காயவிட்டு நான் கண்டதில்லை.

கோடையில் போகிறவர்கள் குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். தீவின் தண்ணீரைக் குறைக்காமல் இருப்பதே பெரிய உதவி. வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

எங்கட திருகோணமலைக் கோட்டை மானுக்குக் குடுக்கிற மாதிரி வாழைப்பழமும் பாணும் குடுக்கலாம்தானே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, கண்டதனால் சொல்கிறேன்.

குதிரைக்கும் மாட்டுக்கும் வயிறு வேறு. மாடு, மான் எல்லாம் அசைபோடும். குதிரை அசைபோடாது. அதன் வயிறு சிறியது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் புல் மேயத்தான் பொருந்தும். புல் பெருங்குடலில்தான் புளித்துச் செரிக்கிறது. பாண், பணிஸ், சோறு மாதிரி மாச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் அங்கே வாயு கட்டி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வேறு வழியில்லாமல் உள்ளேதான். நிலத்தில் விழுந்து உருண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அந்த வலியிலேயே செத்துப்போகும். பாண்டி நாட்டில் அவித்த சோறு போட்டார்கள் என்று மேலே சொன்னேனே, அதே பிழையை நாம் பிக்னிக் போகும்போது செய்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை எங்களோடு வந்த பையன் பணிஸ் பையைத் திறந்து ஒரு பெண் குதிரையைக் கூப்பிட்டான். வந்தது அதனுடைய ஆண் குதிரை. பையைப் பிடுங்கப் பார்த்ததில் பையனின் சட்டைத் தோள் கிழிந்தது, நல்ல காலம் தோல் தப்பியது. குதிரை பையையும் சேர்த்து மென்றது. அந்தப் பொலித்தீனை அதன் வாயிலிருந்து எடுக்க எங்களால் முடியவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, அந்த நினைவு என்னை விடவும் இல்லை. பிழை என்னுடையது, வேனில் ஏறும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

கோட்டை மானுக்கும் அந்தப் பழக்கம் நல்லதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் சொப்பிங் பை தின்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஏறி ஒரு சுத்து வரலாமா? பிள்ளைக்கு ஒரு போட்டோ எடுக்க?

கூடாது. இவை முதுகில் ஆளை அறியாதவை. நுவரெலியாவில் வாவிக்கரையில் காசு கொடுத்து ஏறும் குதிரைகள் பழக்கியவை, அந்த ஆசைக்கு அங்கே போங்கள். போட்டோ தூரத்திலிருந்து எடுங்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

வயசு போன குதிரைக்கு என்ன நடக்கும்? வெள்ளைக்காரன் நாட்டில குதிரைக்கும் பென்சன் எண்டு சொல்லுறாங்களே?

அப்படி ஒரு வழக்கம் உண்டு. கனடாவின் பொலிஸ் குதிரைப் படை 1969இல் எலிசபெத் மகாராணிக்குப் பர்மீஸ் என்ற கறுப்புப் பெண் குதிரையைக் கொடுத்தது. வருடந்தோறும் நடக்கும் பிறந்தநாள் அணிவகுப்பில் மகாராணி அதன் மேல்தான் வருவார். 1986இல் அதற்கு ஓய்வு கொடுத்து வின்ட்சரில் மேய விட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து அவர் அணிவகுப்புக்கு வேறு குதிரையில் வரவில்லை, வண்டியில் வந்தார். 1990இல் அது செத்தபோது அங்கேயே புதைத்தார்கள். நல்ல கதைதான். அந்த மகாராணியின் நாட்டு அரசாங்கம் நெடுந்தீவில் கயிற்றை அவிழ்த்துவிட்டதும் உண்மைதான்.

நல்ல கவனிப்பில் குதிரை 25, 30 வருடம் இருக்கும். திறந்த வெளியில் அவ்வளவு இராது. காரணம் பல். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதுபோலத்தான் குதிரையையும். கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டே போகும். மணல் ஒட்டிய புல்லைத் தின்றால் இன்னும் சீக்கிரம். பல் தேய்ந்தபின் புல் இருந்தும் மெல்ல முடியாது. லாயத்துக் குதிரைக்கென்றால் ஊறவைத்து, நறுக்கிக் கொடுப்பார்கள். இங்கே அது மெல்ல மெல்ல மெலிந்து, கூட்டத்துக்குப் பின்னால் நடந்து, ஒரு கோடையில் விழும். கிழக்குதிரை ஒன்று மற்றவை போனபிறகு பெருக்குமர நிழலில் தனியாக நின்றதை என் மகள் பார்த்துவிட்டு, இதைக் கவனிக்க யாரும் இல்லையா என்று கேட்டாள். இதை எழுதும்போதும் அந்தக் கேள்விதான் காதில் நிற்கிறது.

ஒரு சோடியைக் கொண்டுவந்து எங்கட கோட்டையில விட்டா மானோட சேர்ந்து நல்லா இருக்குமே?

இதைக் கேட்காதவர் குறைவு. ஆசை புரிகிறது. ஆனால் தீவின் ஒரு பகுதி, 1,846 ஹெக்டேயர், 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து விலங்கைப் பிடித்துக்கொண்டு வருவது குற்றம். அதை விட்டாலும், ஒரு சோடி குதிரை ஒரு கூட்டம் ஆகாது. மேலே சொன்ன குடும்ப வாழ்க்கை உடைந்த குதிரை ஏங்கிப்போகும். கோட்டைக்குள் மானுக்கே புல் போதாமல் அவை ராத்திரியில் கடற்கரைப் பக்கமும் வீதிகளிலும் இறங்குகின்றன. இருட்டில் குதிரையில் மோட்டார் சைக்கிள் மோதினால் இரண்டு உயிர் போகும்.

இதற்கு நேர்மாறாக ஒருவர் கேட்டார், எண்ணிக்கை கூடிப் புல் முடிந்தால் கொஞ்சத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம்தானே என்று. அது நியாயமான கேள்வி. சிறிய தீவில் அடைபட்ட கூட்டத்துக்குள் நெருங்கிய உறவிலேயே இனம் பெருகும், அதற்கும் மருந்து வேண்டும். ஆனால் மிருக வைத்தியர்களும் வனஜீவராசிகள் திணைக்களமும் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. நாலு பேர் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வரும் வேலை இல்லை.

எங்கட கோயிலை இடிச்சவன் கொண்டுவந்த மிருகத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

உவர்மலையில் ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் மீன் சின்னம் உள்ள கல் இன்னும் இருக்கிறது. நான் ஒவ்வொரு வெள்ளியும் அதைக் கடந்துதான் சுவாமியிடம் போகிறேன். ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்ற பெயரில் எங்கள் ஆட்களிடம் கூலியில்லாமல் கட்டாய வேலை வாங்கினார்கள். அதை நான் மறைக்கவில்லை.

ஐயா, குதிரை கோயிலை இடிக்கவில்லை என்றேன். அதையும் கட்டித்தான் கொண்டுவந்தார்கள், அதனிடமும் கூலியில்லாமல்தான் வேலை வாங்கினார்கள். எங்கள் ஆட்களுக்கும் அதற்கும் அந்த வகையில் ஒரே எசமான். வெளியிலிருந்து வந்தது என்று பார்த்தால் மிளகாயும் போர்த்துக்கேயரோடு வந்ததுதான், அது இல்லாமல் யாழ்ப்பாணத்துக் கறி ஏது? நெடுந்தீவில் ஆள் நுழையக்கூடிய பொந்தோடு நிற்கும் பெருக்குமரம் ஆபிரிக்காவில் பிறந்த இனம். நானூறு வருடம் உவர்த் தண்ணீரைக் குடித்துப் பிழைத்த பிராணியைத் தீவின் ஆட்கள் தங்கள் ஊர்க் குதிரை என்கிறார்கள். மருமகளாகப் போனவள் நான், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பெரியவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பயணத்தில் வேனில் முன் சீற்றில் இருந்தார்.

அங்க போன நேரம் ஒரு குதிரை வருத்தமா விழுந்து கிடந்தா ஆரிட்டச் சொல்றது?

வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடம், அல்லது பிரதேச செயலகத்தில். ஓட்டோக்காரத் தம்பிமாருக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியும், அவர்களிடம் சொன்னாலும் போதும். எந்தக் கல்வேலிக்கு, எந்தக் கிணற்றுக்குப் பக்கம் என்று இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். திறந்த வெளியில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். எழும்பிப் பார்த்து விழுகிறதா, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா, எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்பதையும் கவனித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். நீங்களே தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஓர் அகலமான பாத்திரத்தில் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒரு விஷயம். பெரிய குதிரை பெரும்பாலும் நின்றபடியே தூங்கும், ஆனால் குட்டி அடிக்கடி பக்கவாட்டில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கும். செத்துக் கிடக்கிறது என்று பதறி ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தாய் கொஞ்சம் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் நகர்ந்தால்தான் அது கிட்ட வரும்.